ஆனையிறவு வாடிவீடு: வன்னியின் வாயிலில் நின்ற ஒரு மனையின் வரலாறு

வழிநடந்து களைத்தவனுக்கு நிழலும் நீரும் இடமும் அளித்தல் பெரும் அறம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஒரு நாட்டின் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், அந்நாட்டில் வழிப்போக்கன் எங்கே படுத்துறங்கினான், யார் அவனுக்கு நீர் வார்த்தனர், எந்தக் கதவு அவனுக்குத் திறந்தது, எந்தக் கதவு மூடிக்கொண்டது என்பனவற்றை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. அந்தக் கேள்விகளை மனத்திற்கொண்டு, வன்னிப் பெருநிலத்தின் வடவாயிலில் நின்ற ஒரு வாடிவீட்டின் வரலாற்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்ற நமக்குக் குதிரைவண்டி விடுதிகள் புதியனவல்ல. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836 ஆம் ஆண்டிலே எழுதத் தொடங்கிய பிக்விக் கதையில், மெட்வே ஆற்றங்கரையிலுள்ள ரொச்செஸ்டர் நகரத்து விடுதியை நாம் படித்திருக்கின்றோம். வண்டி வந்து நிற்பதும், குதிரைகள் மாற்றப்படுவதும், பயணிகள் அடுப்பங்கரையில் குளிர்காய்வதும் நம் கண்முன் நின்றன. ஆனால், நம் ஊரிலிருந்து ஒருநாள் வண்டிப் பயணத் தொலைவில், நீரோரத்தில், அதே தொழிலைச் செய்த ஒரு மனை நின்றது என்பதைப் பாடசாலையில் நாம் கேட்டறியவில்லை. பிறர் ஊரின் விடுதியை அறிந்து நம் ஊரின் விடுதியை அறியாதிருத்தல் கல்வியாகுமா? இந்த நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எனலாம்.

ஆறும் கடலேரியும்

ஆனையிறவு, யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலே, குடாநாடும் வன்னியும் சந்திக்கும் ஒடுங்கிய இடத்தில் உள்ளது. இன்று அது கிளிநொச்சி மாவட்டத்துக்கு உரியது. 1984 ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை யாழ்ப்பாண மாவட்டத்துடன் சேர்ந்திருந்தது. வன்னியின் நடுவே வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிறைத்து, மிகுந்த நீரை ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள கடலேரியிற் கொண்டு சேர்க்கின்றது. மாரியில் ஆற்று வெள்ளமும் கோடையில் உப்பும் மாறி மாறி ஆளும் நிலம் அது. அதன் கிழக்குப் பகுதியான சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

இக்கடலேரியை ஆறாகவே மாற்றிவிட எண்ணியவர்களும் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954 இல் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், கனகராயன் ஆறு முதலியவற்றின் நீர் கடலிற் கலந்து வீணாகாது தடுத்து, ஆனையிறவுக் கடலேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரைக் கால்வாய் வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றது. திட்டத்தின் சில வேலைகள் நடந்தன, முழுவதும் நிறைவேறவில்லை. நிறைவேறியிருப்பின், நாம் கூறப்போகும் மனை ஒரு நன்னீர்க் கரையிலேயே நின்றிருக்கும்.

யானைகள் இறங்கிய துறை

ஆனையிறவு என்ற பெயருக்கு யானைகள் நீரில் இறங்கிக் கடந்த துறை என்று பொருள் கூறுவர். ஆங்கிலப் பெயரும் அதே பொருளையே தருகின்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இந்த ஆழமற்ற நீரினூடே குடாநாட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டன. பின் ஊர்காவற்றுறையிலே மரக்கலங்களில் ஏற்றப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. வன்னியர் தலைவர்கள் யாழ்ப்பாண அரசுக்கும், அதன்பின் போர்த்துக்கேயருக்கும், ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற யானை விற்பனைக்குக் கோல்கொண்டா முதலிய தேசங்களிலிருந்து வணிகர் வந்தனர். காட்டில் பிறந்த விலங்கு கடல் கடந்து ஓர் அரசனின் சேனையிற் சேருமுன் தன் தாய்நிலத்தை விட்டு நீங்கிய இடம் இதுவே.

பொருள் செல்லும் வழியிற் காவலும் தீர்வையும் வந்து நிற்றல் இயல்பு. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரை 1658 இல் ஒல்லாந்தர் வென்றனர். ஒல்லாந்தர் ஆட்சியில் குடாநாட்டின் இந்தத் தென்கிழக்கு எல்லையில் மூன்று சிறு காவற்கோட்டைகள் இருந்தன. ஒன்று ஆனையிறவு. மற்றவை பெஸ்குத்தர், பைல் என்னும் ஒல்லாந்தப் பெயர்களைக் கொண்டவை. முன்னதற்குக் காப்பவன் என்றும் பின்னதற்கு அம்பு என்றும் பொருள். வன்னியிலிருந்து படைகள் வராது காப்பதும், ஆளும் பொருளும் அனுமதியின்றிக் கடவாது தடுப்பதும் இக்காவலரண்களின் கடமை.

இங்கே ஒரு பிழையைத் திருத்துதல் கடமையாகின்றது. ஆனையிறவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1760 இல் கட்டினர் என்று சில இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை இழந்தது 1658 இல். இழந்து நூறாண்டுகளுக்குப் பின் அவர்கள் இங்கே கோட்டை கட்டியிருத்தல் எங்ஙனம்? ஆண்டு சரியாயின் கட்டியவர் ஒல்லாந்தராதல் வேண்டும். கட்டியவர் போர்த்துக்கேயராயின் ஆண்டு பிழையாதல் வேண்டும். அச்சிலே கண்டதையெல்லாம் ஆராயாது ஒப்புக்கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆங்கிலேயர் 1795 இல் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1803 ஆகத்து மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவுக்கு அண்மையிற் கப்டன் டிறிபேர்க் என்பவனால் அவன் தோற்கடிக்கப்பட்டான். அதன்பின் வன்னியிலிருந்து குடாநாட்டுக்குப் படை வரும் என்ற அச்சம் ஆங்கிலேயருக்கு இல்லாது போயிற்று. அச்சம் போன இடத்திற் கோட்டைக்கு வேலை இல்லை. பீரங்கிக்கு வேலையில்லாத சுவர்களுக்குள் வழிப்போக்கனுக்குக் கட்டில் போடப்பட்டது. ஒல்லாந்தர் கோட்டை ஆங்கிலேயரின் வாடிவீடாகியது.

வாடிவீடு என்னும் சொல்லும் கருதத்தக்கது. கரையோரத்தில் மீனவர் சிலகாலம் தங்கித் தொழில் செய்யுமிடத்தை மீன்வாடி என்கின்றோம். விறகுவாடி, மரவாடி என்றும் வழங்குகின்றோம். வாடி என்பது நிலையான குடியிருப்பன்று; தங்கிப் போகும் இடம். ஆகவே, அரசாங்கத்தார் பயணிகளுக்கென அமைத்த மனையை நம்மவர் வாடிவீடு என்றது மிகப் பொருத்தமே.

தெருவை வெட்டியவர் யார்?

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் பெருந்தெருக்களிலே, ஒருநாட் பயணத்துக்கு ஒன்றாக வாடிவீடுகள் எழுந்தன. கொழும்பு–கண்டித் தெருவிலுள்ள அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828 இல் அமைந்தது என்பர். அதே தெருவில் 1832 இல் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது தபால் வண்டிச் சேவை அதுவெனப் பெருமையாகச் சொல்லப்படுகின்றது. வடக்கே நிலைமை வேறு. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பெரும்பாலான பொருள்கள் நெடுங்காலம் கடல் வழியே தோணிகளிற் சென்றன. காடும், மலேரியாக் காய்ச்சலும், கோடையில் நீரின்மையும் வன்னி வழியை அச்சத்துக்குரியதாக்கின. 19 ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஏசண்டராக இருந்த டைக் துரையின் காலத்திலும், அவருக்குப் பின் 1896 வரை அப்பதவி வகித்த துவைனம் துரையின் காலத்திலுமே கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏறத்தாழ 200 மைல் நீளமான பெருந்தெரு படிப்படியாகச் சீருற்றது. வவுனியாவிலும் மாங்குளத்திலும் ஆனையிறவிலும் வாடிவீடுகள் இருந்தன.

இத்தெருக்கள் எவ்வாறு அமைந்தன என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1848 ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆடவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என்று விதித்தது. பணமுள்ளவன் மூன்று சிலிங் கட்டி நீங்கினான். பணமில்லாதவன் மண்வெட்டியோடு வெயிலில் நின்றான். அந்தத் தெருவின் கரையில் எழுந்த வாடிவீட்டில் உத்தியோகத்தருக்கே முதலிடம். மற்றோர் கட்டணம் செலுத்தித் தங்கலாம் எனினும், கட்டணமும் மேசை நாற்காலிச் சாப்பாடும் துரைமாரின் கண்பார்வையும் ஏழைக் கமக்காரனை வாசலிலேயே நிறுத்திவிட்டன. தெருவை வெட்டியவன் தெருவோரத்து மரத்தின்கீழ்ப் படுத்தான். தெருவிலே போனவன் வாடிவீட்டில் உறங்கினான். இதனைப் பழியாக அன்று, கணக்காகவே இங்கே குறிக்கின்றோம்.

தபால் வண்டியும் கோச்சியும்

முன்னாளில் தபாற்பைகளை ஓட்டக்காரர் தோளிற் சுமந்து சென்றனர். ஒருவர் ஓடிக் களைத்த இடத்தில் மற்றவர் வாங்கி ஓடினார். தெரு அமைந்தபின் மாட்டுவண்டி வந்தது. வடபகுதித் தெருவில் தபால் வண்டி என்றவுடன் ஆங்கில நாவலிற் காணும் நான்கு குதிரை இரதத்தை நினைத்தலாகாது.

இங்கிலாந்திலிருந்து சிவில் சேவைக்கு வந்த இளைஞரான லெனார்ட் வூல்ஃப், 1905 சனவரியில் அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இவ்வழியாகவே வந்தார். ஒரு நாயையும், வோல்தேர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூற்றொகுதிகள் தொண்ணூற்றையும் கொண்டு இலங்கைக்கு வந்தவர் அவர். றெயில் இன்னும் இணையாதிருந்த காட்டுப்பகுதியை அவர் கடந்த தபால் வண்டி ஒரு மாட்டுவண்டியேயாம். தபாற்பைகள் தட்டிலே கிடந்தன. பயணிகள் அப்பைகளின்மேற் கிடந்தனர். இச்செய்தியை 1961 இல் வெளிவந்த தம் சுயசரிதைப் பகுதியில் அவரே எழுதியிருக்கின்றார். யாழ்ப்பாணத்தில் 1907 வரை பணிபுரிந்த அவர், பின்னர் ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் எழுத்தாளர்களுள் ஒருவரானார். துரையே தபாற்பையின்மேற் கிடந்து வந்தாரெனில், ஏனையோர் பயணம் எத்தகையது என்பதை நாமே உய்த்துணரலாம்.

பகல் வெயிலுக்கு அஞ்சி வண்டிகள் இரவிலேயே சென்றன. வண்டியின் அடியில் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். மாட்டின் கழுத்து மணி இடையறாது ஒலிக்கும். யானைக்கும் கரடிக்கும் அஞ்சித் தனிவண்டி போகாது. பல வண்டிகள் நிரையாகவே போகும். இந்நிலையில், காடு முடிந்து வெளி தோன்றி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் இடம் ஆனையிறவு. தெற்கிலிருந்து வந்தவனுக்கு அது ஊர் வந்துவிட்டது என்னும் ஆறுதல். வடக்கிலிருந்து போனவனுக்கு இனிமேற் காடு என்னும் எச்சரிக்கை. இரு திறத்தாரும் மாட்டை அவிழ்த்து ஒருமுறை மூச்சு விட்ட இடம் அது.

1905 ஆகத்து 1 ஆம் திகதி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே றெயில்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. தபால் வண்டியின் காலம் அன்றோடு முடிந்தது. ஆயினும், வண்டியின் பெயர் மறையவில்லை. நம் பாட்டிமார் றெயிலைக் ‘கோச்சி’ என்றே அழைத்தனர். இன்றும் ஊரிற் சிலர் அவ்வாறே சொல்லக் கேட்கின்றோம். குதிரைவண்டியைக் குறித்த ஆங்கிலச் சொல் புகைவண்டியின்மேல் ஏறிக்கொண்டு நம் நாவிலே தங்கிவிட்டது.

வாடிவீடும் மடமும்

வாடிவீடு அரசாங்கத்தின் ஏற்பாடு. அதற்கு முன்னும் பின்னும் நம்மவரின் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதுவே மடம். கந்தர்மடம், ஆறுகால்மடம் என ஊர்ப்பெயர்களிலே மடங்கள் இன்றும் வாழ்கின்றன. பருத்தித்துறையில் தெருவின்மீதே கூரையிட்டு அமைத்த தெருமூடி மடம் புகழ்பெற்றது. மடத்தோடு கிணறு இருக்கும். மாடு நீர் குடிக்கத் தொட்டி இருக்கும். தினவெடுத்த மாடு உராய்ந்து கொள்ள ஆவுரஞ்சிக்கல் இருக்கும். தலைச்சுமையை மற்றொருவர் உதவியின்றி இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளச் சுமைதாங்கி இருக்கும். வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். இறக்காமற் போன ஒரு சுமைக்காகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல் நாட்டிய அந்த நெஞ்சங்களை நினைக்கும்போது நம் கண் கலங்குகின்றது.

வன்னித் தெருவில் இவ்வறத்தின் உயிருள்ள உருவம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலாகும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே தெருவோரத்திலுள்ள இச்சிறு கோயிலின்முன் மாட்டுவண்டியும் நின்றது, பஸ்ஸும் நின்றது, இன்று காரும் லொறியும் நிற்கின்றன. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு போகின்றனர். சைவர் மட்டுமன்று, பிற சமயத்தவரும் அங்கே நின்று வணங்கிச் செல்லுதலை எவரும் காணலாம். சட்டம் எதுவும் அவர்களை நிறுத்தவில்லை. அச்சமும் நன்றியும் ஒருங்கே நிறுத்துகின்றன.

இவ்விடத்தில் நம் மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒன்றை மறைத்துப் பேசினால் இக்கட்டுரை புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. துரைமாரின் வாடிவீடு பணத்தையும் பதவியையும் பார்த்தது என்று குறை கூறினோம். நம் மடமும் கிணறும் எதைப் பார்த்தன? சாதியைப் பார்த்தன. ஒடுக்கப்பட்ட நம் சகோதரர் பலர் பொதுக்கிணற்றில் அள்ளவும், மடத்திற் படுக்கவும், தேநீர்க்கடையில் மற்றவரோடு இருந்து குடிக்கவும் தடுக்கப்பட்டனர். பெரியோர்கள் இதனை அறிவர். 1924 இல் மாணவர்களால் தொடங்கப்பட்டுப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சமபந்தி போசனத்தை நடத்தியது. 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்டபின்னும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் 1960களின் இறுதிவரை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அறம் என்று நாம் பெயரிட்ட மனைக்குள்ளும் அறமின்மை குடியிருந்தது. வாலிபர் சங்கம் ஒன்றின் மலரில் இதைச் சொல்லாது வேறெங்கே சொல்வது?

மோட்டார்க் காலமும் முகாமும்

றெயில் வந்தபின் வாடிவீட்டின் முக்கியத்துவம் குறைந்தது. மோட்டார் வந்தபின் அது புதிய உயிர் பெற்றது. தடித்த சுவர்களும் கடலேரியை நோக்கிய தோற்றமும் உடைய அந்தப் பழைய கோட்டையைப் பயணநூல் எழுதியோர் விதந்து குறிப்பிட்டனர். 20 ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிற் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் எழுந்தன. குடாநாட்டிலிருந்து காணி வெட்டப் போனவர் யாவரும் ஆனையிறவைக் கடந்தே போயினர். ஆனையிறவில் உப்பளம் அமைந்தது. அந்த உப்பைக் கொண்டு இரசாயனப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை பரந்தனில் 1950களில் இயங்கத் தொடங்கியது. 1956 ஏப்பிரில் 23 ஆம் திகதி ஓடத் தொடங்கிய யாழ்தேவி, வெண்ணிற உப்புக் குவியல்களையும் நீர்ப்பறவைக் கூட்டங்களையும் பயணிகளுக்குக் காட்டிச் சென்றது.

எனினும், ஒடுங்கிய வழி என்றும் ஆளுவோரின் கண்ணிற் படாமல் இருப்பதில்லை. 1952 ஆம் ஆண்டளவில், கள்ளக்கடத்தலையும் சட்டமுரணான குடிவரவையும் தடுப்பதற்கென ஆனையிறவில் இராணுவக் காவல் அமைந்தது. ஒல்லாந்தர் சொன்ன காரணத்துக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அக்காவல் பின்னாளிற் பெருமுகாமாயிற்று. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது வடக்கு நோக்கிய றெயில் நின்றது. ஆனையிறவு வழி மூடப்பட்டது.

வழி மூடினால் மக்கள் என்ன செய்வர்? முன்னாளில் யானைகள் செய்ததையே செய்தனர். கொம்படி, ஊரியான் வெளிகளிற் சேற்றிலும் நீரிலும் இறங்கி நடந்தனர். முதியோரைச் சுமந்தனர், பிள்ளைகளைத் தோளிலேற்றினர், சைக்கிளைத் தள்ளினர். பின்னர் கிளாலிக் கடலேரியில் இரவிருளிற் படகேறினர். 1993 சனவரியில் அந்நீரிற் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். நம் பெற்றோர் தலைமுறையினருள் அந்தப் படகில் ஏறாதவர் சிலரே. தங்குமிடம் ஒன்றுமின்றிக் கடந்த வழி அது.

1991 யூலையில் ஆனையிறவு முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். அப்போரைப் பற்றிய எழுத்துக்களில் ‘வாடிவீடு’ என்னும் பெயர் முகாமின் ஒரு காவலரணுக்குரிய பெயராக வருவதைக் காண்கின்றோம். பயணி இளைப்பாறிய இடத்தின் பெயர் இளைஞர் உயிர்துறந்த இடத்தின் பெயராயிற்று. அம்முயற்சி அன்று தோல்வியுற்றது. 2000 ஏப்பிரில் 22 இல் முகாம் புலிகள் வசமாயிற்று. 2009 சனவரியில் அரசபடை அதை மீட்டது. இரு பக்கத்திலும் மடிந்தோர் பல்லாயிரவர் தாய்மாரின் பிள்ளைகள். இடையில் 2002 இற் பெருந்தெரு திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் மக்கள் இறங்கி நடந்து, பொதியை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிச் சென்றனர். 2006 ஆகத்தில் அத்தெரு மறுபடியும் மூடப்பட்டது. காவலும் தீர்வையும் ஆட்சிகள் மாறினும் மாறாத பழக்கங்கள் போலும்.

2014 ஒக்டோபரில், இருபத்துநான்கு ஆண்டுகளின்பின், யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் றெயில் ஓடியது. இன்று ஆனையிறவைப் பஸ்ஸிற் கடக்க நமக்குச் சில நிமிடம் போதும். போரின் நினைவுச்சின்னங்கள் கண்ணிற் படுகின்றன. பழைய வாடிவீடு இல்லை. அதன் வாசலில் மாட்டை அவிழ்த்த வண்டிக்காரனும் இல்லை.

முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். ஒரே நிலம், ஒரே சுவர்கள். அச்சம் ஆண்டபோது அது கோட்டையாயிற்று. அச்சம் நீங்கியபோது அது விடுதியாயிற்று. அச்சம் மீண்டபோது அதன் பெயர் காவலரணுக்குச் சென்றது. ஆகவே, ஒரு வழி அடைக்கப்படுவதும் திறக்கப்படுவதும் கல்லையும் சுண்ணாம்பையும் பொறுத்தனவல்ல. மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதைப் பொறுத்தன. அந்நியனைப் பகைவன் என்று கண்டால் பீரங்கி வைப்போம். விருந்தினன் என்று கண்டால் பாய் விரிப்போம்.

இந்த உண்மை அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. பிறர் நம்மைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது பட்ட வேதனையை நாம் அறிவோம். அவ்வேதனையை அறிந்த நாம், நம் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் மற்றொருவனை நிறுத்துவோமாயின், ஆனையிறவு நமக்கு எதையும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

வாலிபர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உள. அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவது, வண்டிப் பயணத்தையும், பழைய வாடிவீட்டையும், கொம்படி வெளியையும், கிளாலிப் படகையும் தாமே கண்ட பெரியோர் நம்மிடையே வாழும்போதே அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தல். அவர்கள் மறைந்தபின் எந்தக் கச்சேரியிலும் அந்தப் பதிவைப் பெற முடியாது. இரண்டாவது, தெரு அகலிக்கும்போது பெயர்த்தெறியப்படும் சுமைதாங்கிகளையும் ஆவுரஞ்சிக் கற்களையும் கேணிகளையும் ஊர்தோறும் கணக்கெடுத்துக் காத்தல். மூன்றாவது, திருவிழாக் காலங்களில் நாம் வைக்கும் தண்ணீர்ப்பந்தலில் யார், எவர், எந்த ஊர், எந்த மொழி என்று கேளாது யாவர்க்கும் ஒரே குவளையில் நீர் வார்த்தல்.

சுவர்கள் போய்விட்டன, அவற்றை மீண்டும் எழுப்புவது நம் கையில் இல்லை. ஆயினும், வழிப்போக்கன் களைத்து வந்து நிற்கும்போது கதவைத் திறக்கும் மனம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டானால், வன்னியின் வாயிலில் நின்ற அந்த வாடிவீடு முற்றாக அழிந்ததாகாது. அம்மனத்தை வளர்ப்பதே நம் சங்கத்தின் பணியாகுக.